உர மூட்டைக்குப் பேர் விழுந்த மாதம்

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஹட்டன் டவுனில் ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். சுற்றியிருந்த சில தேயிலைத் தோட்டங்களின் எழுத்து வேலைகளை ஒரே இடத்தில் முடிப்பதற்காகத் திறந்த அலுவலகம் அது. இன்றைக்கு மேசைக்கு ஒன்றாக இருக்கும் கம்ப்யூட்டரை நினைத்துக்கொள்ளக் கூடாது. அப்போது இருந்தது ஒன்றே ஒன்று. சிறிய அலுமாரி அளவில், கண்ணாடி போட்ட அறைக்குள் உறுமிக்கொண்டு நிற்கும். வெளியே கூடத்தில் திரையும் கீபோர்டும் மட்டும் உள்ள டெர்மினல்களை வைத்து, உள்ளிருந்து வயர் இழுத்திருந்தார்கள். யார் எங்கே உட்கார்ந்து எதைத் தட்டினாலும் வேலை நடப்பது அந்த ஒரே பெட்டிக்குள்தான்.

அதற்கு முன் கொழும்பில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தேன். எண்பத்து மூன்று கலவரத்தில் உடுத்த உடுப்போடு மலைநாட்டுக்குத் திரும்பினேன். பிறகு கொழும்புக்குப் போக அம்மா விடவில்லை. எனக்கும் அதற்கான தெம்பு இருக்கவில்லை. ஹட்டனில் இந்த வேலை கிடைத்தபோது அதிர்ஷ்டம் என்று எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

எங்கள் தோட்டம் வட்டவளைப் பக்கம். காலையில் அம்மா கொழுந்தெடுக்க மலைக்கு ஏறும்போதே நானும் றோட்டுக்கு இறங்கிவிடுவேன். பஸ்ஸில் இடம் கிடைக்காது. தென்மேற்கு மழை தொடங்கிவிட்டால் அந்தப் பக்கத்தில் எதுவும் காயாது. முதல் நாள் நனைந்த சேலையின் ஈரவாடையோடுதான் அலுவலகத்துக்குப் போய்ச் சேருவேன். கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது என்று கொழும்பிலிருந்து ஏசி மெஷின் கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். ஹட்டன் குளிரில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. எங்களுக்கு எதிரி சூடு அல்ல, ஈரம். பிரிண்டர் தாள் நமுத்த அப்பளம்போல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரித்துப் பிரித்துப் போடுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு சிங்களவர். வீடு பொல்பிட்டியவில். மின்சார வேலையில் தொடங்கிக் கம்ப்யூட்டருக்கு வந்தவர். தமிழ் பேசுவார். என்னை ‘நங்கி’ என்று கூப்பிடுவார், தங்கச்சி என்று அர்த்தம். நான் அவரை ‘அய்யே’ என்பேன். அண்ணனைச் சிங்களத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மேசை, ஒரு ஹீட்டர், ஒரு தேநீர் போத்தல்.

கூடத்தில் இருந்தவர்களில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் பெரிய கிளாக்கர். செக்ரோல் அவர் பொறுப்பு. தோட்டத்தில் யார் எந்த நாள் வேலைக்கு வந்தார்கள் என்ற பதிவுதான் செக்ரோல். முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர் விழும். பாதி நாள் என்றால் அரைப் பேர். மாதக் கடைசியில் பேர் விழவில்லை என்றால் அந்த வீட்டில் அடுப்பு யோசித்துத்தான் எரியும். ஆகவே கிளாக்கரையா எப்போதும் பதற்றமாகவே இருப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி இருப்பார்.

மற்றவர் ஸ்டோர்ஸ் பகுதி அக்கா. உரம், மருந்து, கவ்வாத்துக் கத்தி, கூடை என்று தோட்டங்களுக்குப் போகும் சாமான்களை டெர்மினலில் பதிபவர். கணவர் இல்லை. டிக்கோயாவில் ஒரு அறை எடுத்து, மகளை ஹட்டன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். வாய் கொஞ்சம் பெரியது. அவர் சிரித்தால் கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மழைக்காலத்தில் அந்த இடத்தில் சிரிக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

மாதக் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் வேலையைப் போடுவார்கள். பெட்டி திணறும். ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு அது திரையில் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு நாள் கிளாக்கரையாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“செக்ரோல் முடியிற மட்டும் ஸ்டோர்ஸ நிப்பாட்டி வையிங்க. சாமான் கணக்கு எங்கயும் ஓடிப்போயிடாது” என்றார்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “இது என்னா, லயத்துத் தண்ணிப் பீலிங்களா? நீங்க தண்ணி புடிச்சி முடிச்ச பொறகுதான் நாங்க கொடத்த வைக்கணுமா?”

கூடம் முழுக்கச் சிரித்தது. கிளாக்கரையா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது.

அடுத்த மாதக் கடைசி வேலையை முடித்து, பேப்பர்களைத் தோட்டங்களுக்கு அனுப்பியாயிற்று. மறுநாள் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தார். அம்மா சும்மா உட்கார்ந்திருப்பவர் அல்ல.

“ஏ புள்ள, ஒங்க கம்ப்யூட்டர்ல என்னைய எடுத்துட்டீங்களா?”

“என்னம்மா சொல்றீங்க?”

“காலையில பெரட்டுல கண்டாக்கையா பேப்பர வாசிக்கிறாரு. ஒவ்வொரு பேரா கூப்புட்டு வந்தவரு, நடுவுல உர மூட்டைங்கிறாரு. அடுத்தது மம்பட்டிங்கிறாரு. எல்லாரும் சிரிக்கிறாங்க. நானும்தான் சிரிச்சேன். பொறகு பாத்தா எங்க கேங்குல பாதிப் பேரு பேப்பர்லயே இல்ல. என் எடத்துலதான் உர மூட்டை நிக்கிது.”

பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம், பிரிப்பவர் கண்டாக்கையா. அத்தனை பேர் முன்னால் அது நடந்திருக்கிறது.

“சரி பண்ணிருவாங்கம்மா” என்றேன்.

“மாசம் பூரா அட்ட கடிக்க நின்னது நானு. பேரு உர மூட்டைக்கா?” என்றார் அம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. களைப்பாகத்தான் சொன்னார். எழுந்து அரிசி களையப் போய்விட்டார். பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருந்த பெண்மணி அன்று என்னிடம் பேசவில்லை. அவருடைய பேரும் போயிருந்தது.

மறுநாள் அலுவலக ஜன்னலுக்கு வெளியே கூட்டம். பல தோட்டங்களிலிருந்து தொழிற்சங்கத் தலைவர்மார் வந்திருந்தார்கள். தலையில் போட்ட கம்பளியிலிருந்து மழைநீர் சொட்டச் சொட்ட நின்றார்கள். உள்ளே நின்று அவர்களுக்குப் பதில் சொன்னவர் கிளாக்கரையாதான். மனேஜர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். பழையபடி கையால் எழுதிய பதிவுகள் தோட்டங்களில் இருந்ததால், அவற்றை வைத்து எல்லாருடைய பேரையும் திரும்பப் பதியலாம் என்று முடிவாயிற்று. அந்தப் பதிவு வேலை எங்கள் தலையில் விழுந்தது. அம்மாவின் பேரையும் நானே தட்டினேன்.

அது முடிந்தபின் மனேஜர் விசாரித்தார். அய்யே, நான், அக்கா, கிளாக்கரையா நான்கு பேரும் அவர் மேசை முன்னால் நின்றோம்.

“செக்ரோல் ஓடிக்கிட்டிருக்கும்போது ஸ்டோர்ஸ் டெர்மினல்ல யாரு இருந்தது?” என்று கேட்டார்.

“நான்தாங்க சேர். என் வேலையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றார் அக்கா.

கிளாக்கரையா குரலை உயர்த்தவில்லை. “சேர், என் வீட்டு அடுப்புல பக்கத்து வீட்டுச் சட்டி கெடந்தா, யாரு கொண்டாந்து வச்சதுன்னு கேப்பாங்களா மாட்டாங்களா? செக்ரோல் பேப்பர்ல எப்புடிங்க உர மூட்டை வரும்? அவங்களுக்கு எம்மேல கோவம். அது ஒலகத்துக்கே தெரியும்.”

அய்யே குறுக்கே பேசினார். காரணம் என்னவென்று இன்னும் தெரியாது, கண்டுபிடிக்க நேரம் வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். ஸ்டோர்ஸ் டெர்மினலிலிருந்து செக்ரோல் பதிவுகளைத் திறக்க வழியே வைக்கவில்லை என்று நானும் சொன்னேன். மனேஜர் கொழும்புக்கு டிரங் கோல் போட்டார். அந்தப் புரோகிராம்களை எழுதிக்கொடுத்தவர்கள் மறுமுனையில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள்: புரோகிராமில் பிழை இல்லை, யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

அந்த வாரமே அக்காவுக்கு மாற்றம் வந்தது. நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டத்து ஃபெக்டரி ஸ்டோருக்கு. சிவனொளிபாத மலை அடிவாரம். யாத்திரை சீசன் இல்லாத காலத்தில் பஸ்ஸே ஒழுங்காக ஓடாத இடம். மகளின் பள்ளிக்கூடத்தையும் பாதியில் விட வேண்டியதாயிற்று.

போகிற அன்று மேசை லாச்சியைக் காலி பண்ணிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “நான் தொடல தங்கச்சி. தொடணும்னு நெனச்சாக்கூட எனக்கு அந்தப் பக்கம் போற வழி தெரியாது. நீ நம்புறியா?”

“நம்புறேன் அக்கா.”

“அது போதும்னு சொல்லத்தான் ஆசை. ஆனா போதாதே” என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை.

அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. ஸ்டோர்ஸ் வேலையும் எனக்கு வந்தது. என் வேலையை முடித்துவிட்டு அக்காவின் நாற்காலிக்குப் போவேன், திரும்பக் கண்ணாடி அறைக்கு வருவேன். பிரிண்டரில் தாள் சிக்கியிருக்கும். பஸ்ஸில் நின்றபடியே தூங்கப் பழகிக்கொண்டது அந்தக் காலத்தில்தான்.

மாதக் கடைசி வந்தது. நான் ஸ்டோர்ஸ் டெர்மினலில் மாத முடிவுக் கணக்கை ஓடவிட்டேன். கூடத்தின் அந்தப் பக்கம் கிளாக்கரையா செக்ரோலைத் தொடங்கியிருந்தார். கண்ணாடி அறைக்குள் அய்யே எதையோ பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

“நிப்பாட்டுங்க! ரெண்டு பேரும் நிப்பாட்டுங்க! நங்கி, கையை எடுங்க!”

நாங்கள் நிறுத்தினோம். அவர் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தன் திரையைக் காட்டினார்.

அந்தக் கம்ப்யூட்டரில், எந்த வேலையானாலும் அரைகுறையாக இருக்கும்போது தற்காலிகமாக இறக்கி வைப்பதற்கு எல்லோருக்கும் பொதுவான ஓர் இடம் இருந்தது. செக்ரோல் புரோகிராம் ஆட்களின் பேர்களை வரிசைப்படுத்தி, முடிவதற்குள் அங்கே ஒரு ஃபைலில் வைக்கும். ஸ்டோர்ஸ் புரோகிராமும் சாமான்களை வரிசைப்படுத்தி அங்கேதான் வைக்கும். இரண்டையும் எழுதியவர்கள் ஒரே ஆட்கள். இரண்டுக்கும் ஒரே ஃபைல் பெயரைக் கொடுத்திருந்தார்கள். தனித்தனியே ஓடினால் ஒன்றும் ஆகாது. வரிசைப்படுத்தும் நேரம் இரண்டுக்கும் ஒன்றாக விழுந்தால் பின்னால் வந்தது முன்னால் இருந்ததன்மேல் எழுதிவிடும். செக்ரோல் அதை எடுத்துப் பார்க்கும்போது பாதியில் உர மூட்டை இருக்கும். தன்னுடையது என்று நம்பி அதை அச்சடித்துவிடும்.

“அந்த அக்கா ஒண்ணும் செய்யல்ல. நீங்களும் ஒண்ணும் செய்யல்ல. இப்ப நீங்களும் அதே வேலைதானே பார்த்தது?” என்றார் அய்யே.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்த நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும் என்றுதான் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே கிளாக்கரையா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனேஜரிடம் சொன்னோம். “அப்ப சரி பண்ணுங்க” என்றார். எங்களால் முடியாது, புரோகிராமைத் திருத்தத் தேவையான மூல நிரல் எங்கள் கையில் இல்லை. கொழும்பு ஆட்கள் அப்படி ஒரு பிழை இருக்க முடியாது என்றார்கள். பிறகு, இருந்தாலும் திருத்தக் காலம் எடுக்கும் என்றார்கள். அதனால் வாயாலேயே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒருவர் வேலையைத் தொடங்கும்போது கூடத்தில் எல்லோருக்கும் கேட்கக் கத்த வேண்டும். “செக்ரோல் ஓடுது!” “ஸ்டோர்ஸ் போடுறேன், யாரும் போடாதீங்க!” மழை தகரத்தில் அடிக்கும்போது ஒன்றும் கேட்காது. எழுந்து போய்த் தோளைத் தட்டிச் சொல்லிவிட்டு வர வேண்டும். ஒரு பெரிய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மலையில் ஆள் கூப்பிடுவதுபோல் கூவிக்கொண்டிருந்தோம். மாதக் கடைசி வேலை இழுத்துக்கொண்டே போனது.

ஒரு மதியம் அய்யே சோற்றுப் பொதியைப் பிரித்தவர் சாப்பிடாமல் இருந்தார்.

“நங்கி, கொழும்புல எனக்குப் பயிற்சி கொடுத்த இடத்துல ஒரு வேலை செய்தாங்க. படிக்க வந்தவங்க எல்லாரும் ஒரே கம்ப்யூட்டர்லதான். ஒருத்தன் தெரியாம எல்லாத்தையும் அழிச்சான். ஆனா கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகல்ல. அவனை ஒரு டிரெக்டரிக்குள்ள போட்டு, அதுதான் முழு கம்ப்யூட்டர்னு அவனை நம்பவெச்சிருந்தாங்க. அதுக்கு வெளியில எதுவும் அவனுக்குத் தெரியாது. அவன் அழிச்சது அதை மட்டும்தான்.”

டிரெக்டரி என்பது ஃபைல்களைப் போட்டுவைக்கும் இடம். எல்லா டிரெக்டரிகளும் ஒரே வேரிலிருந்து கிளைவிடும். அந்த வேரையே ஒவ்வொருவருக்கும் மாற்றிக் காட்டலாம் என்கிறார் அய்யே. செக்ரோலுக்கு ஒரு வேர், ஸ்டோர்ஸுக்கு ஒரு வேர். இரண்டுக்குள்ளும் தனித்தனியாக ஒரு தற்காலிக இடம். ஒரே பெயரில் ஃபைல் எழுதினாலும் இருவேறு இடத்தில் எழுதப்படும். புரோகிராமைத் தொடவே வேண்டாம்.

“அப்படியே செஞ்சிருவோம் அய்யே” என்றேன்.

அது அவ்வளவு லேசாக இருக்கவில்லை. ஸ்டோர்ஸுக்கு ஓர் இடத்தைக் கட்டி முதல்முறை உள்ளே போனேன். ஃபைல்களின் பெயர்களைக் காட்டு என்று தட்டினால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. பெயர்களைக் காட்டுவதும் ஒரு புரோகிராம்தான், அதை நாங்கள் உள்ளே கொண்டுவைக்கவில்லை. “வீட்டைக் கட்டிட்டோம், அடுப்பு வைக்கல்ல” என்று அய்யே சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாக யோசித்து உள்ளே நகலெடுத்தோம். நகலெடுக்கும் புரோகிராம், வரிசைப்படுத்தும் புரோகிராம், கடவுச்சொல் ஃபைல், டெர்மினலோடு பேசுவதற்கான ஃபைல்கள். ஒன்றை மறந்தால் மாத முடிவு பாதியில் நின்றுவிடும். நின்றது ஏன் என்று தெரிய அரை நாள் பிடிக்கும். டிஸ்கில் இடமும் குறைவு. எதையும் தேவைக்கு மேலே வைக்க முடியாது.

ஒரு நாள் உள்ளே இருந்துகொண்டு ஒரு படி மேலே போகும் கட்டளையைத் தட்டிப் பார்த்தேன். மறுக்கவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. எங்கே இருக்கிறேன் என்று கேட்டேன். வேரில் இருக்கிறாய் என்றது. மறுபடி தட்டினேன், மறுபடி அதே பதில். செக்ரோல் என்று ஒன்று இந்தப் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருப்பது அங்கிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. வேலை சரியாக வந்திருக்கிறது என்று அப்போதுதான் நம்பினேன்.

கடவுச்சொல் ஃபைலில் ஸ்டோர்ஸுக்கான வரியின் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும். அந்தக் குறியைக் கண்டால் கம்ப்யூட்டர் ஆளைத் தனி வேருக்குள் இறக்கிவிட்டு, அங்கே திரும்பவும் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். ஆக, எல்லோரும் இரண்டு தடவை பெயர் கொடுக்க வேண்டும். கூடத்தில் இதற்குத்தான் பெரிய முறைப்பாடு வந்தது. பேர் பிழையாகாமல் இருப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. “ஒரு தடவ சொன்னா வெளங்காதா இதுக்கு?” என்று என்னிடம் வந்து கேட்டார்கள். பிரிண்டரும் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. அச்சடிக்க வேண்டியதை அவர்கள் தங்கள் பக்கத்தில் ஓர் இடத்தில் வைத்தால், வெளியே இருந்து அதை எடுத்துப் பிரிண்டருக்கு அனுப்ப ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அது மெதுவாக ஓடியது. அதற்கும் திட்டு வாங்கினேன்.

எல்லாம் தயாரானதும் மனேஜரையும் கிளாக்கரையாவையும் கூப்பிட்டு உட்காரவைத்தோம். முதலில் பழைய முறையில், பயிற்சிக்காக வைத்த பதிவுகளை வைத்து இரண்டு வேலைகளையும் ஒன்றாக ஓடவிட்டோம். பிரிண்டர் கறகறவென்று அடித்தது. ஆட்களின் பேர்களுக்கு நடுவே உர மூட்டை, மருந்து, கூடை. பிறகு புதிய முறையில் இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டோம். பேர்கள் ஒரு தாளில், சாமான்கள் இன்னொரு தாளில்.

கிளாக்கரையா முதல் தாளைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

“அப்ப ஸ்டோர்ஸ் புள்ள செய்யல” என்றார்.

“இல்லீங்க ஐயா” என்றேன்.

“அன்னைக்கி ஜன்னல்ல நின்னவங்க யாரையும்மா கேட்டாங்க? என்னையதானே கேட்டாங்க. நான் யாரைக் கேக்கிறது?” என்றார். தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அக்காவைத் திரும்ப அழைக்கும்படி அய்யே மனேஜரிடம் கேட்டார். மாற்றம் ஒரு தண்டனை அல்ல, ஆகவே திருப்பி எடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. அய்யே விடாமல் திரும்பவும் கேட்டார். கம்ப்யூட்டரை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அறைக்குத் திரும்பி வந்து ஹீட்டரில் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். இரண்டு பேருக்கும் அதற்குமேல் முடியவில்லை.

சீசன் தொடங்கி நல்லதண்ணிக்கு பஸ் ஓடத் தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்படியே புறப்பட்டேன். வெள்ளை உடுத்த யாத்திரிகர்களின் நெரிசலில் நின்றபடி போய் இறங்கினேன். அக்கா குடியிருந்த வீடு ஃபெக்டரிக்குப் பின்னால் இருந்தது. மெலிந்திருந்தார். மகள் அங்கே இல்லை. ஹட்டனில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் படிக்கவைப்பதாகச் சொன்னார். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். நடந்ததையெல்லாம் நான் சொன்னேன்.

“அப்ப நான் இல்லைன்னு மனேஜருக்குத் தெரியும்” என்றார்.

“தெரியும் அக்கா.”

“கிளாக்கரையாவுக்கு?”

“தெரியும்.”

“எனக்குத்தான் யாரும் சொல்லல.”

“நான் வந்திருக்கேனே அக்கா.”

“நீ வந்த. அவங்க?”

கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அக்காவே, அந்தத் தனித்தனி வேர் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். விளக்கினேன். கவனமாகக் கேட்டார், கேள்விகூடக் கேட்டார். “அப்ப பெட்டி இன்னமும் ஒண்ணுதான். மெதுவாப் போறது மெதுவாத்தான் போகும்” என்றார். உண்மைதான். ஃபைல்களைத்தான் பிரித்திருந்தோம். கணக்குப் போடுகிற மூளையை எல்லோரும் பங்குபோட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மாதக் கடைசியில் பெட்டி முன்போலவே திணறியது.

“திரும்பி வரச் சொன்னா வருவீங்களா அக்கா?”

“வரமாட்டேன். இங்க ஸ்டோர் சாவி என் இடுப்புல இருக்கு. நான் எண்ணி வச்சது நான் எண்ணினதாவே இருக்கு. அங்க வந்து அவங்க மொகத்தப் பாத்துக்கிட்டு ஒக்காரத் தெம்பு இல்ல தங்கச்சி.”

அதன் பிறகு மற்றப் பகுதிக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து தங்களுக்கும் தனி இடம் வேண்டும் என்றார்கள். தேயிலைத் தூள் அனுப்பும் பகுதிக்குக் கட்டினோம், லொறிப் பகுதிக்குக் கட்டினோம். டிஸ்க் நிரம்பியது. எதையாவது மாற்ற வேண்டுமானால் ஒவ்வோர் இடத்திலும் போய்த் தனித்தனியாக மாற்ற வேண்டும். அய்யேயின் தலைமுடி அந்தக் காலத்தில்தான் நரைத்தது. நாட்டில் கடையடைப்பும் ஊரடங்குமாக இருந்த எண்பதுகளின் கடைசியில், பொல்பிட்டியவிலிருந்து அவர் வர முடியாத நாட்களில் அத்தனையையும் நான் தனியாகப் பார்த்தேன். ஆனால் அவற்றைக் கட்டிய நாளிலிருந்து ஒருவர் வேலை இன்னொருவர் பேப்பரில் வந்ததே இல்லை. பெரட்டில் அம்மாவின் பேரை ஒழுங்காகவே வாசித்தார்கள்.

அடுத்த சீசனில் மறுபடியும் அக்காவைப் பார்க்கப் போனேன். கொஞ்சம் உடம்பு தேறியிருந்தார். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:

“ஒங்க கிளாக்கரையா வந்திருந்தாரு.”

“எப்ப?”

“போன மாசம். மலைக்கு வந்தேன்னு சொன்னாரு. ஸ்டோர் வாசல்ல நின்னாரு, உள்ள வரல. மழை எப்புடின்னு கேட்டாரு. மகள் எப்புடின்னு கேட்டாரு. தேத்தண்ணி குடுத்தேன், நின்னுக்கிட்டே குடிச்சாரு. கண்ணாடியத் தொடச்சாரு, போட்டாரு, திரும்பத் தொடச்சாரு.”

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்லல. அதுக்குத்தான் வந்தாருன்னு தெரியும். நானும் கேக்கல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நான்தான் சொல்லி அனுப்பி வச்சேன்.”

வெளியே யாரோ ஸ்டோரைத் திறக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அக்கா எழுந்து போனார். திரும்பி வர நேரமாயிற்று. அதற்குள் நான் அவருடைய நாற்காலியில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.